யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் கவனத்துக்கு: நெட்வேர்க் பராமரிப்பு என்று 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா போன கதை

கோபத்தோடுதான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொம்பியூட்டர், ரவுட்டர், பில் மெஷின் என்று வைத்து யாழ்ப்பாணத்தில் கடை நடத்துகிற எல்லாரும் இதை ஒருக்கால் வாசிக்க வேண்டும். மாதக் காசுக்கு நெட்வேர்க்கைப் பார்த்துத் தருகிறோம் என்று வந்த நிறுவனத்துக்கு ஒரு வருடக் காசு 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவை மொத்தமாகக் கட்டினேன். தைப்பொங்கலுக்கு முதல் கிழமை என் கடையின் மூன்று மாதக் கடன் கணக்கு அழிந்துபோனது. இப்போது காசும் இல்லை, கணக்கும் இல்லை, போன் எடுத்தால் ஒழுங்கான பதிலும் இல்லை.

பெயர் போடவில்லை. போட வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். கணினி விற்றுத் திருத்திக்கொண்டிருந்து, அண்மையில் ‘முழு நெட்வேர்க் பராமரிப்பு’ என்றும் பலகை போட்ட ஒரு இடம், அவ்வளவுதான் சொல்லலாம். இப்படிப்பட்ட ஆட்களிடம் போவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் இது. எங்களுடையது மோட்டார் உதிரிப்பாகக் கடை. ஸ்ரான்லி வீதியில் பெரிய கடை, சுன்னாகத்தில் கிளை, கொக்குவிலில் ஸ்ரோர். மூன்று இடத்திலும் பில் போடுகிற கணினிகள் இருக்கின்றன. அவையெல்லாம் பெரிய கடையில் இருக்கிற ஒரு சேவரோடு பேசும். எந்த பெயரிங் எத்தனை கிடக்கிறது, எந்தக் கராஜ் எவ்வளவு கடன் என்பதெல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள். இதைப் பார்க்க முழுநேரச் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைக்கக் கட்டுப்படியாகாது. வைத்தாலும், வேலை தெரிந்த பெடியன் என்றால் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவான். அதனால் வெளி நிறுவனம் ஒன்றுக்கு மாதக் கட்டணம் கொடுப்பது. அவர்கள் தங்கள் இடத்தில் இருந்தபடியே உங்கள் இயந்திரங்களைக் கண்காணிப்பார்கள், அப்டேட் போடுவார்கள், வெளியாள் நுழையாதபடி ஃபயர்வோல் வைப்பார்கள், இரவு தோறும் தரவைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் வைப்பார்கள், பழுதானால் வந்து பார்ப்பார்கள். ஏற்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. சின்ன வியாபாரங்களுக்கு இதை விட்டால் வேறு வழியும் பெரிதாக இல்லை. ஒரே சங்கடம், அவர்கள் வேலை செய்கிறார்களா இல்லையா என்பது ஒன்றும் நடக்காத நாளில் தெரியாது. இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் இருக்கும்.

நல்லூர்த் திருவிழா முடிந்த அடுத்த கிழமை அவர்களின் ஆள் வந்தார். முப்பது வயது இருக்கும், மரியாதையான பேச்சு. வந்தவுடன் விலை பேசவில்லை. சேட்டுக் கையை மடித்துவிட்டு, ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டு காசாளர் மேசைக்குக் கீழே போய்விட்டார். பல வருடமாகச் சிக்குப்பட்டுக் கிடந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கட்டி, சின்ன மெஷின் ஒன்றால் லேபிள் அடித்து ஒட்டினார். ‘சுன்னாகம் லைன்’, ‘சேவர்’, ‘கமரா’ என்று. வெளியே வரும்போது தலை முழுக்கத் தூசி. கடைக்கு வந்திருந்த அப்பா, ஒருவரையும் லேசில் மெச்சாத மனுஷன், “பெடியன் வேலை சுத்தமாச் செய்யிறான்” என்றார்.

அப்புறம் தன் போனைத் திறந்து காட்டினார். சுன்னாகத்துக் கணினிகள், கொக்குவில் ஸ்ரோர், சேவர் எல்லாம் வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். “அண்ணை, ஒண்டு நிண்டால் இது சிவப்பாகும். உங்களுக்குத் தெரியிறதுக்கு முதலே எங்களுக்குத் தெரியும். இனி நீங்கள் வியாபாரத்தை மட்டும் பாருங்கோ, இது எங்கடை தலையிடி.” மாதம் 35 ஆயிரம், வருடத்துக்கு ஒன்றாகக் கட்டினால் மாதம் 30 ஆயிரம் கணக்கு என்றார். 60 ஆயிரம் மிச்சம். அன்றே வங்கியில் மாற்றிவிட்டேன், 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. சிலிப்பை அவர்தான் படம் எடுத்துத் தன் அலுவலகத்துக்கு அனுப்பினார்.

முதல் வேலையாக எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினார்கள். சேவர், ரவுட்டர், சிசிரீவி பெட்டி எல்லாம். எனக்கு ஒரு பிரதி தரச் சொல்லிக் கேட்டேன். “உங்களிட்டை இருந்தால் கடைப் பெடியள் ஆராவது பாத்திடுவினம் அண்ணை, எங்களிட்டையே இருக்கட்டும்” என்றார்கள். திரும்பவும் கேட்டேன், ‘அனுப்பிவிடுகிறோம்’. இன்று வரை வரவில்லை.

மாதா மாதம் மெயிலில் ஒரு அறிக்கை மட்டும் தவறாமல் வரும். அட்டவணை போட்டு, நிறம் தீட்டி, பார்க்க வடிவாக இருக்கும். பக்கப் (அதாவது தரவுப் பிரதி) சரி, அப்டேட் சரி, வைரஸ் இல்லை. அந்த அறிக்கையைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ஜனவரி மாதம், பொங்கலுக்கு முதல், ஒரு திங்கட்கிழமை காலை. பில் போடுகிற பிள்ளை கூப்பிட்டாள். “அண்ணை, பில் அடிக்கேலாமக் கிடக்கு. எல்லாப் பெயருக்கும் பின்னாலை ஏதோ எழுத்து ஒட்டியிருக்கு.” போய்ப் பார்த்தால், சேவரில் இருந்த ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் வாலில் விளங்காத எழுத்துகள், ஒன்றும் திறக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமென்றால் பிட்கொயினில் காசு அனுப்பு. ரான்சம்வேர் என்று பத்திரிகையில் வாசித்தது என் மேசையில் வந்து நின்றது.

பராமரிப்புக்காரருக்கு எடுத்தேன். ஒப்பந்தத்தில் ‘நான்கு மணித்தியாலம்’ என்று போட்டிருக்கிறது. முதலில் ஒரு பிள்ளை, “ரிக்கெட் போட்டிருக்கு சேர்.” முறைப்பாட்டைப் பதிந்து வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். மத்தியானம் வேறொருவர், “கொழும்பு எஞ்சினியர் பாத்துக்கொண்டிருக்கிறார்.” பின்னேரம் போன் எடுக்கவில்லை. அடுத்த நாள் நேரே போய் நின்றேன். பச்சைப் புள்ளி காட்டிய அந்தத் தம்பி உள்ளே இருந்தார், கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. வெளியில் வரவில்லை. மனேஜர் வந்து சொன்னது: நான்கு மணித்தியாலம் என்பது பதில் தருவதற்கான நேரம், சரிசெய்வதற்கான நேரம் அல்லவாம். ரிக்கெட் போட்டதே பதில்தானாம். வைரஸ் தாக்குதல் ஒப்பந்தத்துக்குள் வராதாம். உங்கள் பெடியள் ஆராவது பென் ட்ரைவ் செருகியிருப்பார்களாம். வைரஸ் வராமல் பார்க்கத்தானே ஐயா 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா தந்தேன் என்று கேட்டால், “நீங்கள் கோபப்படாதேங்கோ சேர்” என்று தேத்தண்ணி கொண்டுவரச் சொல்கிறார்!

சரி, பக்கப்பைத் தாருங்கள், திரும்பப் போட்டுவிடலாம் என்றேன். அங்கேதான் முகம் மாறியது.

ரொறன்ரோவில் நெட்வேர்க் வேலையில் இருக்கிற மச்சான் அன்றிரவு வீடியோவில் வந்து, என் கையைக் கொண்டே எல்லாவற்றையும் பார்த்தான். அவன் கண்டுபிடித்ததை எழுதும்போது இப்பவும் கை நடுங்குகிறது.

சேவரைத் தூரத்தில் இருந்து இயக்க ‘ரிமோட் டெஸ்க்டொப்’ என்று ஒரு வழி இருக்கிறது. அதற்குரிய வாசல் எண் 3389. அதை நேரே இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது, வீபிஎன் என்ற பாதுகாப்பான பாதைக்குள்ளால்தான் வர வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. எங்கள் ரவுட்டரில் அது உலகத்துக்கே திறந்து கிடந்தது. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் பின்வளவுப் படலையை ஆவென்று திறந்துவிட்ட கணக்கு. திறந்த வாசல்களைத் தேடி இரவு பகலாக ஓடுகிற நிரல்கள் இணையத்தில் நிறைய உண்டு, அவற்றுக்கு ஸ்ரான்லி வீதி, நியூயோர்க் என்ற பேதம் இல்லை. அதற்கு மேல், கடவுச்சொல் என்ன தெரியுமா? அந்த நிறுவனத்தின் பெயரும் வருடமும். நானே வாயில் வந்ததைச் சொல்லிப் பார்த்து, இரண்டாந்தரம் உள்ளே போய்விட்டோம். “மச்சான், இதையே எல்லா வாடிக்கையாளருக்கும் வைச்சிருப்பாங்கள்” என்றான் அவன். அது உண்மையோ தெரியாது, ஆனால் அவர்களிடம் பராமரிப்புக் கொடுத்திருக்கிறவர்கள் இன்றைக்கே பார்ப்பது நல்லது.

பக்கப் கதை இதைவிட மோசம். ஒன்று, சேவரிலேயே எந்நேரமும் செருகி வைத்திருந்த வெளி ஹாட்டிஸ்க். சேவருக்குள் வந்தவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான், அதில் என்ன அதிசயம். மற்றது ‘கிளவுட் பக்கப்’. கிளவுட் என்று அவர்கள் பெருமையாகச் சொன்னது கூகுளில் இலவசமாகத் திறந்த ஒரு கணக்கு. இலவசக் கணக்கில் 15 ஜிபி வரை கிடைக்கும். எங்கள் தரவுக் கோப்பு 400 எம்பிக்கு வரும், இரவுக்கு ஒன்று போனால் நாற்பது நாளுக்குள் நிறைந்துவிடும். நிறைந்துவிட்டது. கடைசிக் கோப்பின் திகதி ஒக்டோபர் இரண்டாம் கிழமை. இடம் இல்லை, இடம் இல்லை என்று கூகுள் அனுப்பிய மெயில்கள் ஒருவரும் திறக்காமல் அந்தக் கணக்கிலேயே வரிசையாகக் கிடந்தன.

இதைக் காட்டிக் கேட்டபோது மனேஜர் சொன்னார், புயலில் லைன் அறுந்ததால் பக்கப் போகவில்லையாம். டித்வா புயல் வந்தது நவம்பர் கடைசியில். ஒக்டோபரில் நின்ற பக்கப்புக்கு நவம்பர்ப் புயல் எப்படிக் காரணம்? நாடே வெள்ளத்தில் தவித்ததைத் தன் சோம்பேறித்தனத்துக்கு மறைப்பாக இழுக்கிறார்களே என்றுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

இனி அந்த மாத அறிக்கை. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திகதியைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. ஒக்டோபரில் சுன்னாகத்துக் கணினி ஒன்று பவர் சப்ளை எரிந்து, மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. டிசம்பர் அறிக்கையில் அது ‘இயங்குகிறது, அப்டேட் சரி’. விண்டோஸ் 10க்கு வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. நீடிப்புக்குப் பதிந்தால்தான் பிறகும் வரும். எங்கள் பில் கணினிகள் எல்லாம் விண்டோஸ் 10. அப்படி ஒன்று இருக்கிறது என்று எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை, பதிந்ததும் இல்லை. அறிக்கையில் மட்டும் நவம்பரும் சரி, டிசம்பரும் சரி.

கேட்ட காசை நாங்கள் அனுப்பவில்லை. அனுப்பினாலும் திறப்புத் தருவார்கள் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிஸும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறப்புகள் கிடைக்கும், மச்சான் அங்கேயும் தேடினான். எங்களுக்கு வந்த வகைக்கு இல்லை. ஒக்டோபர் வரைக்குமான பழைய பிரதியைப் போட்டுக் கடையை ஓட்டுகிறோம். அதற்குப் பிறகு கொடுத்த கடன் எல்லாம் ஆட்களின் மனச்சாட்சியில்தான் இருக்கிறது. சில கராஜ்காரர் தாங்களாகவே வந்து, “அண்ணை, எனக்கு இவ்வளவு நிக்குது” என்று சொல்லிக் கட்டினார்கள், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். சிலர் இந்தப் பக்கமே வருவதில்லை.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்தான் உச்சம். 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா ‘மீளளிக்கப்படாத முன்பணம்’ என்கிறார்கள். கடவுச்சொற்களைத் தருவார்களாம், ஆனால் எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கடிதத்தில் கையெழுத்து வைத்தால்தானாம். வைக்கவில்லை. ரவுட்டர்களை ஊசியால் குத்தி ரீசெட் பண்ணிப் புதிதாகப் போட்டோம். சிசிரீவி பெட்டி இன்னமும் பூட்டித்தான் கிடக்கிறது. மத்தியஸ்த சபையில் தொடங்கலாம் என்று சட்டத்தரணி கடிதம் தயார்படுத்துகிறார்.

விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், நேரம் பன்னிரண்டு தாண்டிவிட்டது, காலையில் ஸ்ரோரில் சாமான் எண்ண வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். வருடக் காசை ஒன்றாகக் கட்டாதீர்கள், எவ்வளவு கழிவு தந்தாலும். கடவுச்சொற்கள் ஒரு கவரில் உங்கள் அலுமாரிக்குள் இருக்க வேண்டும், தர மாட்டோம் என்றால் ஆளை அனுப்பிவிடுங்கள். பக்கப் எடுக்கிறோம் என்ற அறிக்கையைப் பார்க்காதீர்கள், உங்கள் முன்னால் ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை. ஒரு பிரதி எதிலும் செருகாமல் வீட்டில் இருக்கட்டும். 3389 திறந்திருக்கிறதா என்று வேறொரு ஆளைக் கொண்டு பாருங்கள். இப்படி ஏதும் நடந்தால் முதலில் நெட்வேர்க் வயரைக் கழற்றுங்கள், பிறகு 101க்கு எடுத்து, இப்படியான கணினித் தாக்குதல்களைப் பார்க்கிற அரச அமைப்பான ஸ்ரீ லங்கா சேர்ட்டிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒக்டோபர் நடுவில் இருந்து பொங்கல் வரைக்கும் எங்கள் கடையில் கடனுக்குச் சாமான் எடுத்த கராஜ்காரர் யாராவது இதை வாசித்தால், பில் துண்டு கையில் கிடந்தால் ஒரு படம் எடுத்துக் கடை வட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கோ. காசு ஆறுதலாகத் தரலாம்.