மோக்கா பாட்டா, எஸ்பிரெஸ்ஸோ மெஷினா?

எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை மேடையில் ரைஸ் குக்கருக்கும் மிக்சிக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம். கோப்பி போட அங்கே எதை வைப்பது?

மோக்கா பாட் 1933இல் இத்தாலியில் வந்தது. கீழே தண்ணீர், நடுவில் தூள். அடுப்பில் வைத்தால் நீராவி தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளும். டிகாக்‌ஷன் போட்டுப் பழகிய கைக்கு ஒரே நாளில் வந்துவிடும். சாதாரண அலுமினியப் பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது, அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்பதால் கெட்டிக் கோப்பி கிடைக்கும், எஸ்பிரெஸ்ஸோ கிடைக்காது.

மெஷினில் சுமார் 9 பார் அழுத்தம். 18 கிராம் தூள் போட்டால் 25 முதல் 30 வினாடியில் 36 கிராம் கோப்பி இறங்கவேண்டும்: இந்தக் கணக்கில் தொடங்கலாம். நான் தேக்காவில் வாங்கிய ஃபில்டர் தூளைப் போட்டேன். பத்தே வினாடியில் கடகடவென்று கொட்டியது; வாயில் வைத்தால் ஒரே புளிப்பு. தூள் இன்னும் நைசாக இருக்கவேண்டுமாம். ஆகவே நல்ல கிரைண்டர் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அதற்குக் காசில்லை என்றால் மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நுரைதான் ஆசையா? டபராவில் ஆற்றினாலே வந்துவிடுமே!