சுங்கை சிப்புட்டில் அம்மாவின் எடை

மெல்போர்னிலிருந்து மலேசியாவில் இறங்கிய மறுநாளே ஈடிஎஸ் ரயிலில் சுங்கை சிப்புட் போய்விட்டேன். ரயிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டேஷனில் கிராப் டாக்சி வருவதற்குத்தான் இருபது நிமிடம் வெயிலில் நின்றேன்.

அம்மாவுக்குப் பெருங்குடலில் ஆப்ரேஷன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மயக்க மருந்து டாக்டர் நம் தமிழ்ப் பெண். வராந்தாவிலேயே நின்று பொறுமையாக விளக்கினார். ரப்பர் பால் வாளி தூக்கித் தூக்கி அம்மாவின் முதுகெலும்பு வளைந்துவிட்டது, வலி மருந்துக்கு முதுகில் குழாய் வைக்க வழியில்லை. மார்ஃபினையே நம்பினால் குமட்டும், குடல் எழுந்திருக்கவும் நாளாகும். அதனால் லிக்னோகேய்னை ரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். பல் பிடுங்கும்போது ஈறில் போடுவார்களே, அதே மருந்துதான். 1943-ல் ஸ்வீடனில் உருவானது. எல்லாருக்கும் பலன் தரும் என்று ஆய்வுகள் அடித்துச் சொல்லவில்லை என்பதையும் அவரே சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கணக்கு எடையை வைத்துத்தான். கிலோவுக்கு மணிக்கு ஒன்றரை மில்லிகிராம், 24 மணி நேரத்துக்கு மேல் கிடையாது, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் பார்வை நேரத்தில் போனேன். அம்மா வலியில்லாமல்தான் படுத்திருந்தார். ஆனால் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏய்யா, வாயில சில்லறைக் காசை அதக்கின மாதிரி இருக்கு. உதடு மரத்துக் கெடக்கு. காதுல வேற வண்டு கத்துது."

"மிஸ்ஸிகிட்ட சொன்னீங்களாம்மா?"

"இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க?"

நான் ஓடிப்போய் நர்ஸ் மிஸ்ஸியிடம் மலாயில் "முலுட் கெபாஸ்", வாய் மரத்திருக்கிறது என்றேன். மிஸ்ஸி வந்தார், திரையைப் பார்த்தார், பம்பை நிறுத்திவிட்டுத்தான் போனையே எடுத்தார். மருந்து ரத்தத்தில் கூடினால் முதலில் இப்படித்தான் தெரியுமாம்; இன்னும் ஏறினால் வலிப்பு வரலாம், இதயத் தாளம் தப்பலாம். அதற்கு முறிவாக ஏற்றும் கொழுப்புக் கரைசலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். நல்லவேளை, திறக்க வேண்டியிருக்கவில்லை. அரை மணியில் வாய் சரியாகிவிட்டது. லிக்னோகேய்னை மறுபடி தொடவில்லை. பாராசிட்டமாலும் கொஞ்சம் மார்ஃபினும் போதுமானதாக இருந்தது.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். எடை 58 என்று இருந்தது. கிளினிக் அட்டையிலிருந்து அப்படியே எழுதியது, இரண்டு வருடப் பழசு. எடை பார்க்கும் கட்டிலில் அம்மாவைக் கிடத்தினார்கள்: 46. மணிக்கு 69 போக வேண்டிய இடத்தில் 87 மில்லிகிராம் போயிருக்கிறது. டாக்டர் மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆளை எடை பார்க்காமல் அட்டையைப் பார்த்தவர்மேல்தான். வாய் மரத்தால் உடனே கூப்பிடுங்கள் என்று அம்மாவிடம் யாராவது தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் காற்றுப் பிரிந்தது. அம்மா மைலோ கேட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் தாளை வாங்கிப் பார்த்தேன். எடை: 58. கவுண்டரில் பேனா கேட்டேன். திருத்துவதற்கு எட்டாம் நம்பர் அறைக்குப் போகச் சொன்னார்கள். எட்டாம் அறையில் மதியச் சாப்பாட்டு இடைவேளை.