கூகுள் ஸ்காலர் சுயவிவரப் பக்கம்: தேடுவதற்கு அருமை, எடைபோட மட்டும் போதாது

ஒரு ஆய்வாளர் இதுவரை என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க நான் முதலில் திறப்பது, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவருடைய சுயவிவரப் பக்கத்தைத்தான். ஆனால் கன்ஸ்யூமர் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் துறைக்காரர்களை, அதாவது நோயாளிகளும் வீட்டில் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் தாங்களே பயன்படுத்தும் செயலிகள், இணையதளங்கள், மருத்துவப் பதிவுகள் இவற்றை ஆராய்பவர்களை, இந்தப் பக்கத்தை மட்டும் வைத்து எடைபோட்டுவிடக் கூடாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறை ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை. ஒரே ஆளின் கட்டுரைகள் ஜேஎம்ஐஆர், ஜாமியா போன்ற மருத்துவத் தகவலியல் இதழ்களிலும் இருக்கும், செவிலியர் இதழ்களிலும் இருக்கும், ஏசிஎம் என்ற கணினியாளர் சங்கம் நடத்தும், மனிதர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் சிஎச்ஐ மாநாட்டிலும் இருக்கும். பப்மெட் மருத்துவக் கட்டுரைகளைத் தேடுவதற்கான தளம், கணினி மாநாட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் அதில் வராது. அதனால் நோயாளிகளோடு உட்கார்ந்து கருவிகளை வடிவமைக்கும் ஒருவரைப் பப்மெட்டில் மட்டும் தேடினால் பாதி உழைப்பு கண்ணிலேயே படாது. ஸ்காலர் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்து விடுகிறது, அதுவும் இலவசமாக. இந்த ஒரு விஷயத்தில் அதற்கு ஈடு நான் பார்த்ததில்லை.

சிக்கல் அந்தப் பக்கத்தின் வலது ஓரத்தில் வரும் எண்களில், அதாவது மேற்கோள் எண்ணிக்கையிலும் ஹெச்-இண்டெக்ஸிலும் இருக்கிறது. ஹெச்-இண்டெக்ஸ் என்பது ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த அளவு: அது 20 என்றால், குறைந்தது 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று அர்த்தம், அவ்வளவுதான். இந்தத் துறையில் மேற்கோள் எண்ணிக்கை வீங்குவதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2006-இல் நார்மனும் ஸ்கின்னரும் வெளியிட்ட இஹீல்ஸ் என்ற 8 கேள்விகள் கொண்ட அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் உடல்நலத் தகவலைத் தேடிப் புரிந்துகொள்ளும் திறன் தனக்கு எவ்வளவு இருப்பதாக ஒருவர் நினைக்கிறார் என்று அது கேட்கும். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆய்வும் அந்தக் கட்டுரையைச் சுட்டும். நியாயமான பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அளவுகோல் செய்தவரையும், ஒரு செயலியை நோயாளிகளிடம் கொடுத்து வருடக்கணக்கில் பின்தொடர்ந்தவரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது எந்த விதத்திலும் சரியில்லை.

அப்புறம், நெறிமுறைக் கட்டுரைகள், அதாவது முடிவு வரும் முன்பே ஆய்வின் திட்டத்தை மட்டும் சொல்பவை. ஒரு செயலியைச் சோதிக்கப் போகிறோம் என்று ஒரு கட்டுரை, சாத்தியமா என்று பார்த்ததற்கு ஒன்று, சிறிய முன்னோட்டத்துக்கு ஒன்று, கடைசியில் முடிவுக்கு ஒன்று. இதில் தவறே இல்லை, திட்டத்தை முன்கூட்டியே வெளியிடுவது நேர்மையான பழக்கம், அதற்கென்றே ஜேஎம்ஐஆர் குழுமத்தில் தனி இதழ் இருக்கிறது. ஆனால் ஸ்காலர் நான்கையும் ஒரே மாதிரி அடுக்கிக் காட்டும். திட்டம் அறிவித்துப் பல ஆண்டுகள் ஆகியும் முடிவு வராத ஆய்வு எது என்பதை நாமே தோண்டித்தான் எடுக்க வேண்டும். எனக்கு ஒருவருடைய பட்டியலில் மிக முக்கியமான விஷயம் இதுதான், ஏனென்றால் பயன் தரவில்லை என்று தெரிந்த செயலியின் முடிவு வெளியே வராவிட்டால் அடுத்த குழு அதையே திரும்பச் செய்து இன்னும் கொஞ்சம் நோயாளிகளின் நேரத்தை வீணடிக்கும்.

எண்களை ஏமாற்றவும் முடியும். 2010-இல் சிரில் லபே என்ற பிரெஞ்சுக் கணினியாளர், ஐக் அன்ட்கேர் என்று இல்லாத ஒரு ஆய்வாளரை உருவாக்கி, ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் போலிக் கட்டுரைகளைக் கணினியாலேயே எழுதவைத்து, ஸ்காலரில் அவருக்கு 94 என்ற ஹெச்-இண்டெக்ஸ் வாங்கிக் கொடுத்துக் காட்டினார். பக்கத்தைப் பராமரிப்பதும் ஆய்வாளரே என்பதால், பெயர் ஒத்த வேறொருவரின் கட்டுரை கலந்திருந்தாலும் அவர் நீக்கினால்தான் உண்டு. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் பப்மெட் தெளிவாக எச்சரிக்கிறது, அதற்காகவே அதைப் பக்கத்தில் திறந்து வைத்திருப்பேன். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஆர்கிட் அடையாள எண் இருந்தால் ஆளைக் குழப்பிக்கொள்ளும் வாய்ப்பும் குறையும்.

முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடுபவர்களும், நோயாளிகள் குழுவுக்கு ஆலோசகர் தேடுபவர்களும் தாராளமாக இங்கிருந்து தொடங்கலாம். திறந்தவுடன் ஆண்டு வாரியாக வரிசைப்படுத்திவிடுங்கள், இல்லையென்றால் மேற்கோள் அதிகமுள்ள பழைய கட்டுரைகளே மேலே நிற்கும். பிறகு சமீபத்திய மூன்று நான்கு கட்டுரைகளைத் திறந்து, எத்தனை நோயாளிகள் கலந்துகொண்டார்கள், எத்தனை பேர் பாதியில் செயலியை விட்டுவிட்டார்கள், அதை ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. நெறிமுறைக் கட்டுரையையும் முடிவுக் கட்டுரையையும் பிரித்துக் காட்டினால் நான்கரை கொடுப்பேன்.