புதிய இலகு ஃப்ளைவீல் என்று சொல்லி, லேத்தில் கடைந்த பழையதை மாட்டிவிட்டார்கள்

காரில் இலகு ஃப்ளைவீலும் (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) ஸ்போர்ட்ஸ் கிளட்சும் போட நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது பணமும் நான்கு மாதமும். ஆனால் உள்ளே இருந்ததைக் கழற்றிப் பார்த்த அன்று, அது ஓடும்போது வெடிக்காமல் இருந்ததே பெரிது என்று கை நடுங்கிவிட்டது.

தினமும் ஓட்டும் கார், அவ்வப்போது டிராக்குக்கும் கொண்டுபோவேன். பழைய கிளட்ச் நழுவத் தொடங்கியிருந்தது. மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் ஆர்.பி.எம். முள் ஏறும், வண்டி வேகம் எடுக்காது. எப்படியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதோடு ஃப்ளைவீலையும் மாற்றிவிடலாம் என்று, இந்த வேலைக்குப் பெயர் வாங்கிய ஒரு கடைக்குப் போனேன். "ஸ்டீல் ஃப்ளைவீல் சார், 5 கிலோதான். பவர் கூடும், எல்லா கியரிலும் பாயும், கிளட்ச் பெடல் ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்றார் கடைக்காரர். காரை எப்படி ஓட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

அவர் சொன்ன எதுவும் சரியில்லை. ஃப்ளைவீல் இலகுவானால் எஞ்சினின் பவர் கூடாது, அந்தச் சக்கரத்தைச் சுழற்றி வேகமேற்றச் செலவாகும் பங்குதான் குறையும். அந்தப் பலனும் எல்லா கியரிலும் ஒன்றுபோல வராது, மொத்த கியர் விகிதத்தின் (டயர் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) வர்க்கத்தோடு மாறும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி 4 கிலோ குறைத்தால், முதல் கியரில் மொத்த விகிதம் 14, டயரின் ஆரம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வேகமெடுக்கும்போது காரிலிருந்து சுமார் 87 கிலோவை இறக்கியதற்குச் சமம். அதே காரில் ஐந்தாம் கியரின் மொத்த விகிதம் 3.2 என்றால் வெறும் நாலரை கிலோதான். இன்னொன்று, எடையை எங்கே குறைக்கிறார்கள் என்பது மிக முக்கியம். விளிம்பில் குறைத்தால்தான் பலன். மையத்துக்கு இருக்கும் தூரம் பாதியானால் பலன் கால்வாசியாகிவிடும்.

கிளட்ச் விஷயமும் அப்படித்தான். அவர் போட்டுவிட்டது ஆறு பேட் உள்ள செராமிக் பிளேட், நடுவில் ஸ்பிரிங்கே கிடையாது. பந்தயத்துக்கு அது நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நெரிசலில் அரை கிளட்சில் நகர்த்த முடியாது, விட்டால் கப்பென்று பிடிக்கும், வண்டி உதறும். எஞ்சினின் அதிர்வை உள்வாங்க ஸ்பிரிங் இல்லாததால் நியூட்ரலில் நின்றாலே கியர்பாக்ஸ் கடகடக்கும். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் பிடி அதிகம் என்பதால் பெடலும் இரும்பாகிவிட்டது. தினசரி காருக்கு ஸ்பிரிங் உள்ள ஆர்கானிக் பிளேட்டே போதும் என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

அதெல்லாம் தாங்கிக்கொள்ளக் கூடியதுதான். தாங்க முடியாதது, 4000 ஆர்.பி.எம்.முக்கு மேல் வந்த அதிர்வு. "கிளட்ச் செட் ஆகணும் சார், 800 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க" என்றார்கள். ஓட்டினேன். குறையவில்லை. அப்புறம் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது) என்று செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. பிளக், காயில் எல்லாவற்றையும் என் செலவில் மாற்றினார்கள். இலகு ஃப்ளைவீல் போட்டால் கிராங்க் சுழற்சியின் ஏற்ற இறக்கம் கூடும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. அதையே மிஸ்ஃபயர் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரி, அதிர்வை நீங்களே சோதிக்க எளிய வழி உண்டு: வண்டியை நிறுத்திவைத்து, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு ஆர்.பி.எம். ஏற்றுங்கள். அப்போதும் அதே அதிர்வு வந்தால் கிளட்ச் பிளேட்டையும் கியர்பாக்ஸையும் விட்டுவிட்டு, எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும் ஃப்ளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

வேறொரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கியர்பாக்ஸை இறக்கி, ஃப்ளைவீலைக் கழற்றித் திருப்பி வைத்தார். "தம்பி, இது புதுசு இல்ல, ரிங் கியரைப் பாருங்க" என்றார். ஃப்ளைவீலின் விளிம்பில் இருக்கும் பல்வளையம் அது. அதில் எதிரெதிராக இரண்டு இடத்தில் மட்டும் பற்கள் தேய்ந்திருந்தன. நாலு சிலிண்டர் எஞ்சின் நிறுத்தும்போது பெரும்பாலும் அந்த இடங்களில்தான் வந்து நிற்கும், ஸ்டார்ட்டர் அங்கேதான் கடிக்கும். வருடக்கணக்கில் ஓடிய ஃப்ளைவீலில்தான் அப்படித் தேயும். பின்பக்கத்தில், வார்ப்பிரும்புப் பாகங்களில் இருக்கும் வார்ப்பு எண்ணைக் கிரைண்டரால் தேய்த்திருந்தார்கள், பாதி எழுத்து இன்னும் தெரிந்தது. தராசில் வைத்தால் 6.3 கிலோ. கடைந்ததும் விளிம்பில் இல்லை, நடுப்பகுதியில். சுழலும்போது அதிராமலிருக்க பேலன்ஸ் செய்த புதிய துளை ஒன்றுகூட இல்லை. போல்ட்டுகளும் பழையவை, என் எஞ்சினுக்கு அவை ஒருமுறை இறுக்கியதும் தூக்கிப்போட வேண்டியவை.

கம்பெனி ஃப்ளைவீல்கள் பலவும் வார்ப்பிரும்புதான், போதிய தடிமனோடு வடிவமைத்திருப்பதால் தாங்குகின்றன. ஆனால் வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் பலவீனமானது. 7000 ஆர்.பி.எம்.மில், மையத்திலிருந்து 14 செ.மீ. தள்ளி இருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 7.7 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். அந்த இழுவையைத் தாங்கவேண்டிய நடுப்பகுதியைத்தான் இவர்கள் கடைந்து மெல்லியதாக்கியிருந்தார்கள். சிதறினால், ஃப்ளைவீலையும் கிளட்சையும் மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், பல கார்களில் அதற்குப் பக்கத்தில்தான் நம் கால்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பந்தய ஃப்ளைவீல், கிளட்சுகளுக்கு எஸ்.எஃப்.ஐ. 1.1 என்று தனித் தரச்சான்றே வைத்திருக்கிறார்கள்.

கடையில் போய்க் கேட்டதற்கு, சப்ளையர் கொடுத்ததை மாட்டினோம் என்றார்கள். பில்லில் "ஃப்ளைவீல் – 1" என்று மட்டும் இருந்தது. தயாரிப்பாளர், உலோகம், எடை எதுவும் இல்லை, நானும் கேட்டு எழுதி வாங்கவில்லை. நீங்கள் கேளுங்கள். கியர்பாக்ஸை ஏற்றுவதற்கு முன் நேரில் நின்று, சீல் பிரிக்காத பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லி, தராசில் வைத்து, பின்பக்கத்தைத் திருப்பிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்தது) இருந்தால் அதைக் கடைந்து இலகுவாக்கலாம் என்று சொல்பவரிடம் சாவியையே கொடுக்காதீர்கள்.

கடைசியாக, கழற்றிய ஃப்ளைவீலைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் தருவதாக அந்தக் கடையிலிருந்து அழைத்தார்கள். அதை எதற்குக் கேட்கிறார்கள் என்று புரிந்தது. எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, யார் காரிலும் இனி மாட்ட முடியாதபடி இரண்டாக அறுத்துப் போட்டுவிட்டேன்.