பைடெஸ்ட்டுடன் ஹைப்போதெசிஸ்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பைதானில் எழுதிய எங்கள் கணக்குப் பதிவு மென்பொருளின் அலகுச் சோதனைகள் (நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சரிபார்ப்பவை) அனைத்தும் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் இயங்குகின்றன. அதனுடன் ஹைப்போதெசிஸ் நூலகத்தைச் சேர்த்துச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். எந்த உள்ளீட்டுக்கும் மாறாமல் இருக்க வேண்டிய பண்பை மட்டும் நாம் எழுதிவைக்க, உள்ளீடுகளைக் கருவியே உருவாக்கிச் சோதிக்கும் இம்முறையை, ஹாஸ்கெல் மொழிக்கான குவிக்செக் மூலம் கோன் கிளாசனும் ஜான் ஹியூஸும் பரவலாக்கினர். அவர்களது கட்டுரை 2000-இல் வெளிவந்தது. நிறுவுவதில் சிரமமே இல்லை. பழைய சோதனைகளில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், புதியவற்றின் தலையில் ‘கிவன்’ டெக்கரேட்டரை (செயற்கூறின் மேல் எழுதி அதன் இயக்கத்தை மாற்றும் வரியை) வைத்தால் போதும்.

ஒரு தொகையைப் பலருக்குச் சமமாகப் பிரிக்கும் செயற்கூறு எங்களிடம் இருந்தது. 100 ரூபாயை நால்வருக்கு, 90 ரூபாயை மூவருக்கு என்று எழுதியிருந்த பழைய சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. ‘பங்குகளைக் கூட்டினால் மூலத்தொகை வர வேண்டும்’ என்ற ஒற்றைப் பண்பை எழுதியதும் சோதனை தோற்றது. தொகை 1 பைசா, பங்குதாரர் 2 பேர் என்று, அந்தப் பண்பை மீறும் உள்ளீட்டைக் கருவி காட்டியது. மீதியை யாருக்கும் சேர்க்காமல் விட்டிருப்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது. முதலில் சிக்கும் உள்ளீடு பெரும்பாலும் கரடுமுரடாகத்தான் இருக்கும். அதைப் படிப்படியாகச் சுருக்கித் தருவதே இக்கருவியின் உண்மையான பலம் என்பேன். குவிக்செக்கில் நாமே வரையறுக்கும் தரவு வகைகளுக்குச் சுருக்கும் முறையையும் நாமே எழுத வேண்டும். ஹைப்போதெசிஸோ மதிப்பை உருவாக்கியபோது செய்த தெரிவுகளையே சுருக்குவதால், நாம் கோத்து அமைக்கும் சிக்கலான தரவுகளுக்கும் அந்த வசதி தானாகவே கிடைக்கிறது.

ஒரு சோதனை ஒரு முறைதான் ஓடும் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது பைடெஸ்ட். இங்கோ ஒரே சோதனை இயல்பாக 100 உள்ளீடுகளுடன் ஓடுகிறது. நாங்கள் சந்தித்த தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முளைத்தன. தரவுத்தளத்தைத் தயார்செய்யும் ஃபிக்ஸ்சர் (சோதனைக்கு முன் இயங்கும் ஆயத்த நிரல்) 100 ஓட்டங்களுக்கும் சேர்த்து ஒரே முறைதான் இயங்குவதால், முதல் உள்ளீடு எழுதிய பதிவுகளை இரண்டாவது உள்ளீடு சந்திக்கிறது. கருவி இதைக் கண்டுபிடித்துச் சோதனையைத் தோற்கடிக்கிறது. அந்த எச்சரிக்கையை அணைக்க வழியிருந்தாலும் அணைக்காமல் இருப்பதே நல்லது. சோதனையின் உடலுக்குள்ளேயே தரவுத்தளப் பரிவர்த்தனையைத் தொடங்கி, முடிவில் எழுதியவற்றைத் திரும்பப் பெறும்படி மாற்றிய பிறகே எங்களுக்கு நிம்மதி கிடைத்தது. பைதானுடனேயே வரும் யூனிட்டெஸ்ட் நூலகத்தின் பாணியில் எழுதுவோருக்கும் இதே சிக்கல் உண்டு.

ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் உள்ள 200 மில்லிநொடி நேர வரம்பு, சோதனைகளைத் தானாக ஓட்டும் சுமை மிகுந்த பில்டு சர்வரில் வீண் தோல்விகளைத் தந்ததால் அங்கே அதை நீக்கிவிட்டோம். உள்ளீடுகள் தற்செயலாக அமைவதால், எங்கோ புதைந்திருந்த பிழை, தொடர்பே இல்லாத ஒருவருடைய மாற்றத்தின்போது வெளிப்பட்டு அவரைத் திகைக்கவைக்கும். எனவே மாற்றத்தை முதன்மை நிரலுடன் இணைப்பதற்கு முந்தைய பில்டில் விதையை (தற்செயல் தெரிவுகளின் தொடக்க எண்ணை) நிலையாக வைத்து, இரவு பில்டில் மட்டும் உள்ளீடுகளைப் பெருக்கித் தற்செயலாக ஓடவிடுகிறோம். தோற்ற உள்ளீடுகளைக் கருவி ‘.ஹைப்போதெசிஸ்’ அடைவில் சேமித்து அடுத்த முறை அவற்றையே முதலில் முயல்கிறது என்றாலும், சர்வரில் சேமித்தது நம் கணினிக்குத் தானாக வந்து சேராது. அத்தகைய உள்ளீடுகளை ‘எக்ஸாம்பிள்’ டெக்கரேட்டரில் நிரந்தரமாக எழுதிவைப்பதே எங்கள் வழக்கம்.

கருவியைக் கற்பதைவிடப் பண்பைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். சோதிக்க வேண்டிய கணக்கீட்டையே சோதனைக்குள் மீண்டும் எழுதிவிடும் பழக்கம் புதியவர்களுக்கு எளிதில் வருகிறது, அதனால் பயன் ஒன்றும் இல்லை. கோப்பாக எழுதி மீண்டும் படித்தால் அதே தரவு வருகிறதா, வேகமான நிரலும் மெதுவான எளிய நிரலும் ஒரே விடை தருகின்றனவா என்ற இரண்டு வகைப் பண்புகளே எங்களுக்கு அதிகப் பிழைகளைப் பிடித்துத் தந்தன. செயல்களின் வரிசையையே உருவாக்கிச் சோதிக்கும் நிலைப்பொறி வசதியைப் பேரேட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். அது ஓட நேரம் எடுக்கிறது. ஆனால் தோற்கும்போது சுருக்கிய படிகளைப் பைதான் வரிகளாகவே அச்சிட்டுத் தருவதால், சிறிது மாற்றி வழக்கமான அலகுச் சோதனையாக ஒட்டிக்கொள்ள முடிகிறது.