ஏட்டுக்குப் பெட்டி செய்யக் கொடுத்த கதை

எங்கள் ஊர் நூலகத்தில் மூன்று பனையோலை ஏட்டுக் கட்டுகள் இருக்கின்றன. ஒன்று கண்ணகி வழக்குரை, மற்ற இரண்டும் வாகடம், அதாவது வைத்திய நூல். யாரோ பத்திரிகைத் தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார்கள், மாரி வந்தால் பையின் உட்பக்கம் வியர்க்கும். ஏட்டைப் பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை, அதனால் மட்டக்களப்பு நகரிலேயே ஒரு பைண்டிங் கடையில் பெட்டி செய்யக் கொடுத்தேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

வந்தாறுமூலை கம்பஸ் (கிழக்குப் பல்கலைக்கழகம்) பிள்ளைகளின் ஆய்வேடுகளும் கந்தோர் பதிவேடுகளும் கட்டுகிற சின்னக் கடை. நான் எழுதிக் கொண்டுபோன அளவைக் கடைக்கார ஐயா தொட்டும் பார்க்கவில்லை. "ஏட்டைக் கொண்டா மனே, அளவு கடதாசியில இல்ல" என்றார். கட்டின் நடு புடைத்திருக்கும், ஓரம் மெலிந்திருக்கும் என்பதால் மேல் கீழ்ப் பலகைகளோடு சேர்த்து மூன்று இடத்தில் அளந்து, பெரிய அளவை எடுத்து, பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் விட்டார். இறுகினால் ஓலையின் ஓரம் நொறுங்கும், தளர்ந்தால் உள்ளே ஆடும். முன்சுவர் மடிந்து விழுகிற மாதிரிச் செய்தது அவருடைய யோசனைதான். ஏட்டைக் கிள்ளி இழுக்க வேண்டியதில்லை, விரலை அடியில் கொடுத்துத் தூக்கலாம். இந்த ஒரு வேலைக்கே அவருக்கு முழுப் புள்ளி கொடுப்பேன்.

பிரச்சினை அட்டையில் வந்தது. முதல் பெட்டியை அமிலம் பார்க்கும் பேனாவால் கீறிப் பார்த்தேன், மஞ்சளாக வந்தது. அமிலம் இல்லாவிட்டால் ஊதா வரவேண்டும். பதிவேட்டுக்குப் போடுகிற அதே சாம்பல் அட்டை! பசையிலும் பூச்சிக்கென்று மயில்துத்தம் கலந்திருந்தார். பூச்சி வராதுதான், ஆனால் அந்தச் செம்பு உப்பு ஏட்டுக்கு நல்லதல்ல. சொன்னதும் முகம் கொஞ்சம் சுருங்கியது, "இவ்வளவு காலமும் இதிலதான் கட்டுறன்" என்றார். சரி, பதிவேட்டுக்கு அது போதும். பிறகு அமிலமில்லாத அட்டையும் பீவீஏ (PVA) என்கிற வெள்ளைப் பசையும் கொழும்பிலிருந்து நானே எடுப்பித்துக் கொடுத்தேன், இரண்டாம் தடவைக்குப் பாதிக் கூலிதான் வாங்கினார்.

துணி விஷயத்தில் பிழை என்னுடையது. மருதமுனைக் கைத்தறி, நல்ல சிவப்பு, ஆசைப்பட்டு வாங்கினேன், பசை பட்டதும் சாயம் கழன்றுவிட்டது. சாயம் போடாத பருத்தியைத் துவைத்துக் கஞ்சி போக்கிவிட்டுக் கொடுங்கள். மூடிக்குக் காந்தம் வைக்கிறேன் என்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள், படாரென்று மூடிக்கொள்ளும். பருத்தி நாடா போதும்.

கூலி பெட்டிக்கு 2,800 ரூபாய், அட்டை, துணிச் செலவு தனி. இரண்டு கிழமை என்றார், ஐந்து கிழமை ஆனது. போன் எடுக்கமாட்டார், நேரில்தான் போய் நிற்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பெட்டிகளை அலுமாரியில் அடுக்கும்போதுதான் கவனித்தேன், ஒன்றின் பெயர்ச்சீட்டில் வாகடம் 'வாகனம்' ஆகியிருந்தது. மாற்றக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.