பில் வரும்வரை: நகையா, கடைக்கடனா, ஓடியா?

யாழ்ப்பாணத்தில் சிறு கொந்தராத்து எடுக்கிறவரை வேலை கிடைக்காததைவிட, முடித்த வேலைக்குக் காசு வராததுதான் அதிகம் நெருக்குகிறது. மேசனுக்கும் கூலியாளுக்கும் சனிக்கிழமை பின்னேரம் கையில் காசு வைக்க வேண்டும். சீமெந்துக் கடைக்காரர் மாத முடிவில் கொப்பியைத் திறப்பார். அரச வேலையின் பில் மட்டும் தன்பாட்டில் நடக்கும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து, பொறியியலாளர் கையெழுத்து வைத்து, கணக்குப் பகுதிக்குப் போனால் அங்கே "இம்பிறஸ்ட் இன்னும் வரேல்லை, அடுத்த கிழமை வந்து பாருங்கோ" என்று நின்றுவிடும். இம்பிறஸ்ட் என்பது திறைசேரி விடும் காசு.

அந்த இடைவெளியை அடைக்க இங்கே கைக்கொள்ளும் வழிகள் தெரிந்தவைதான்: நகை அடகு, ஹார்ட்வெயார் கடன், எல்லாரும் ஓடி என்று சொல்லும் வங்கி மேலதிகப்பற்று, திகதி தள்ளி எழுதிய செக், சீட்டு. இவற்றை ஆட்கள் வட்டி வீதத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது கடனுக்குத் தவணை நாள் உண்டா என்பதை. வரவேண்டிய காசுக்கு நாள் இல்லை. கொடுக்கவேண்டிய காசுக்கு மட்டும் நாள் குறித்திருந்தால், வட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கடன் கழுத்தைப் பிடிக்கும்.

இந்தக் கண்ணால் பார்த்தால் நகை அடகு முன்னுக்கு வருகிறது. அடகு வைப்பது குடும்பத்துக்கு ஒரு குறை என்று நினைக்கிற ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. காலையில் இலங்கை வங்கிக்கோ மக்கள் வங்கிக்கோ கூட்டுறவுக் கிராமிய வங்கிக்கோ போனால் மத்தியானத்துக்கு முன் காசு கையில். பிணைகாரர் தேவையில்லை, காணி உறுதி தேவையில்லை. வைத்திருந்த காலத்துக்குத்தான் வட்டி. பில் வந்த அன்றே மீட்கலாம், பாதி வந்தால் பாதியைக் கட்டலாம். குறைந்தது எத்தனை நாளுக்கு வட்டி எடுப்பார்கள் என்பதை மட்டும் வைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கிழமைக்கு வைத்து ஒரு மாத வட்டி கட்டினால் கணக்கு மாறிவிடும்.

குறை இரண்டு உண்டு. ஒன்று, தங்கத்தின் விலை. ஏறுகிற காலத்தில் ஒரு பவுணுக்குக் கூடுதலாகக் காசு தருவார்கள், எல்லாவற்றையும் வாங்கிவிடத் தோன்றும். 2013 இல் தங்கம் விழுந்தபோது கடனைவிட நகையின் பெறுமதி குறைந்து, பலர் மீட்காமலே விட்டார்கள். வங்கிகளும் அடிபட்டு, 2014 இல் மத்திய வங்கி அடகுக் கடனுக்கு ஓர் உத்தரவாதத் திட்டம் கொண்டுவர நேர்ந்தது. தருகிற முழுத்தொகையையும் எடுக்காமல் அந்தப் பில்லுக்குத் தேவையானதை மட்டும் எடுப்பது நல்லது.

மற்றது, நகை உங்களுடையது அல்ல. 1995 இடப்பெயர்வில் வீட்டையும் காணியையும் விட்டுவிட்டு நடந்தவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போனது அதைத்தான். வீட்டுப் பெண்கள் அதைச் சும்மா கழற்றித் தரமாட்டார்கள். தந்தாலும், "இஞ்சருங்கோ, நல்லூர்த் தேருக்கு முதல் எடுத்துத் தந்திடுவியளோ?" என்ற கேள்வியோடுதான் தருவார்கள். பில் வந்த அன்று கட்டலாம் என்று நான் சொன்ன கடனுக்கும் வீட்டில் இப்படி ஒரு நாள் வந்துவிடுகிறது. ஆவணியில் வரும் அந்தத் தேருக்கு முதல் பில் கிடைக்கும் என்று நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஹார்ட்வெயார் கடனை வட்டியில்லாக் கடன் என்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. "அண்ணை, காசுக்கெண்டா வேற விலை" என்று கடைக்காரரே சொல்லிவிடுகிறார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பியும் சீமெந்தும் கடனுக்கு 5 இலட்சம், காசுக்கு 4 இலட்சத்து 85 ஆயிரம், தவணை 45 நாள் என்று வையுங்கள். 15,000 ரூபாய் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆண்டு வட்டியாக்கினால் 25 சதவீதம். அடகு வட்டி இதைவிடக் குறைவாக இருக்கும் காலத்தில் நகையை வைத்துக் காசுக்குச் சாமான் எடுப்பதே இலாபம். அதே கடைக்காரர் 90 நாள் பொறுத்தால் வட்டி பாதியாகிறது, அப்போது கடைக்கடன் வெல்லும். ஆனால் பொறுத்ததற்கு அவர் விலை வைக்காமல் விடமாட்டார். அடுத்த வேலைக்கு விலை கேட்கும்போது தெரியும். ஆகவே இரண்டு விலையையும் கேட்காமல் கடனுக்கு ஏற்றாதீர்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுகிறவர்களே அதிகம்.

2022 ஐயும் இதில் சேர்த்துப் பார்க்கவேண்டும். சீமெந்துப் பை 3,000 ரூபாயைத் தாண்டிய அந்த ஆண்டில் கடைகள் கடன் கொப்பியை மூடிவிட்டன. நெருக்கடி வந்தால் முதலில் போவது கடைக்கடன்தான். அதை மட்டும் நம்பி வேலை எடுத்தவர்கள் பாதியில் நின்றார்கள்.

ஓடி, கணக்குப் படித்தவர்கள் முதலில் சொல்லும் வழி. நியாயம் உண்டு: எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி, பில் கணக்கில் விழுந்தவுடன் தானாகக் குறையும். ஆனால் இங்கே அது கிடைப்பது எப்படி? பெரும்பாலும் காணி ஈடு கேட்பார்கள். காணியோ சீதனமாக மனைவியின் பேரில் இருக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தும் மணமான பெண் அசையாச் சொத்தை ஈடுவைக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் கேட்பதால் அது சிக்கல் இல்லை, ஆனால் உறுதி தேடல், மதிப்பீடு, ஈட்டு உறுதி எழுதுதல் என்று நாட்கள் ஓடும். பில் பிந்திய பிறகு ஓடி கேட்கப் போவதில் பயனில்லை. கடன் முறிந்தால் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் போகாமலே காணியை ஏலம் விட வங்கிக்கு வழியுண்டு. பராட்டே என்று செய்திகளில் அடிபட்டது அதுதான். நெருக்கடியின் பின் 2025 மார்ச் வரை இடைநிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஓடியின் வட்டி மிதக்கும் வட்டி. 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வீதத்தை 7.5 இலிருந்து 14.5 சதவீதத்துக்கு ஒரே நாளில் தூக்கியது. 2023 மார்ச்சில் 16.5. வங்கிகள் வாடிக்கையாளரிடம் எடுத்தது அதைவிட எவ்வளவோ மேலே. அரசாங்கம் பில் கொடுக்காமல் இருந்ததும் அதே காலத்தில். 2024 நவம்பரில் மத்திய வங்கி புதிதாக அறிவித்த ஓரிரவுக் கொள்கை வீதம் 8 சதவீதம். அதன்பின் ஓடி மலிவாகத் தெரிந்தது அதனால்தான். ஆண்டுக்கு ஒருமுறையாவது பூச்சியத்தைத் தொடாத ஓடி உங்கள் பில் இடைவெளியை நிரப்பவில்லை, உங்கள் நட்டத்தை மறைக்கிறது.

திகதி தள்ளிய செக்குக்கு நான் இடமே கொடுக்கமாட்டேன். கடைக்காரர் கேட்பார், கொடுத்தால் சாமான் உடனே ஏறும். ஆனால் நாள் குறித்த கடனிலேயே மோசமானது அது. கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தில் குற்றம். உங்கள் பில் பிந்தியது உண்மையான காரணமாக இருக்கலாம். திரும்பிய செக்கை வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை.

சீட்டு பற்றி அதிகம் இல்லை. சீட்டை நடத்தும் தாச்சி நம்பிக்கையானவராக இருந்தால் வேலை தொடங்கும் முதலுக்குச் சீட்டு உதவும். பிந்திய பில்லுக்கு உதவாது: அவசரத்தில் பெரிய கழிவு விட்டு எடுப்பீர்கள், பிறகு மாதாமாதம் கட்டுக்காசு. இந்த நாட்டில் சீட்டுக்கென்று 1935 இலேயே கட்டளைச் சட்டம் வந்திருக்கிறது என்றால் தாச்சிமார் எவ்வளவு காலமாகக் காசோடு ஓடுகிறார்கள் என்று யோசியுங்கள். தனியாரிடம் எடுக்கும் மீற்றர் வட்டி ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. மாதம் நூற்றுக்கு ஐந்து என்றாலும் ஆண்டுக்கு 60, எந்தச் சிறு கொந்தராத்திலும் அவ்வளவு இலாபம் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கடன். கடனே இல்லாத வழியைப் பலர் கேட்டுப் பார்ப்பதில்லை. அரச கட்டட வேலைகளில் ஒப்பந்தத் தொகையின் 20 சதவீதம் வரை முற்பணம் கேட்கலாம், வட்டி இல்லை, பிறகு பில்களில் கழிப்பார்கள். அதற்கு வங்கி உத்தரவாதம் வேண்டும். வங்கி நிலையான வைப்பைப் பிடித்துக்கொண்டு அதைத் தரும். சும்மா கிடக்கும் வைப்பு ஒன்று வீட்டில் யாருக்காவது இருந்தால், நகையைத் தொடுவதற்கு முன் அதைப் பாருங்கள். திசெம்பர் 31 உடன் நிதியாண்டு முடிகிறது என்பதால் அளவையை நவம்பருக்குள் முடித்துப் பில்லைக் கொடுப்பதும் காசுதான். தை, மாசியில் புது ஒதுக்கீடு இறங்கும்வரை யாரும் அசையமாட்டார்கள்.

கனடாவிலும் சுவிசிலும் இருந்து வீடு கட்டுவிக்கிறவர்களிடம் இந்த வித்தை எதுவும் வேண்டாம். அவர்களிடம் காசு உண்டு, அனுப்புவதில்தான் சுணக்கம். அவர்களோடு கூலிக்கு மட்டும் விலை பேசிவிட்டு, சீமெந்துக்கும் கம்பிக்கும் அவர்கள் பெயரில் கடையில் கணக்குத் திறக்கச் சொல்லுங்கள். சாமானில் உங்களுக்கு வரும் சின்ன இலாபம் போகும். சனிக்கிழமைக் கூலிக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு, அந்தத் தொகைக்கு ஒரு சங்கிலி போதும். காசு பிந்தினால் "அண்ணை, எப்ப அனுப்புவியள்?" என்று கனடாவுக்குத் தொலைபேசி எடுக்கிறவர் கடைக்காரராக இருப்பார்.